பட்டன் டப்பாவில் முப்பது நாள்

பாப்பாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் முழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு, அது அப்படியே பலிக்கட்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் அம்மா உடம்புக்கும் ஒன்றுமில்லை, மனசைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன். கையெழுத்து யாருடையது என்று யோசிக்காதே, நம் கட்டிடத்துக்குக் கீழே இருக்கிற மருந்துக்கடைக்காரர்தான் எழுதுகிறார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவர் கடைக்கு ஈ காக்கை வராது, பிரஷர் மாத்திரை வாங்கி வருகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்து கவுண்டருக்குப் பின்னால் டானிக் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்வதை ஒன்று விடாமல் எழுத வேண்டும், நடுவில் அழகுபடுத்தக் கூடாது, புள்ளி வைக்கிறேன் கமா வைக்கிறேன் என்று என்னை நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். டாக்டர் கையெழுத்தையே படிச்சு மருந்து குடுக்கிறவன் பெரியவரே, நீங்க சொல்றதை எழுத மாட்டேனா என்கிறார். போனில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். என் குரல் கிடங்கில் பழகின குரல், அடக்கிப் பேச வராது, நம் வீட்டில் முன் அறையில் தும்மினால் அடுப்படியில் கேட்கும். உன் அம்மா காதில் விழாமல் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால் வீட்டுச் சேதி. உன் சித்தப்பா எழுபது வயதில் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறான், ஓட்டத் தெரியாது, தினமும் துடைக்கிறான், துடைத்துத் துடைத்தே தேய்ந்துவிடும் போலிருக்கிறது. லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது, மூன்று மாடியும் ஏறித்தான் போகிறோம், உன் அம்மா ஒவ்வொரு மாடியிலும் நின்று யாரையாவது திட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவாள், இப்போது திட்டுவதும் இல்லை. அவளுக்குத் தையல் வேலை வருகிறது, பழைய ஆட்கள் இன்னும் அவளைத்தான் தேடி வருகிறார்கள். சரி, சுற்றி வளைத்தது போதும்.

ஐந்து ஞாயிறாக நீ போன் செய்கிறாய், ஐந்து ஞாயிறும் நான்தான் எடுக்கிறேன். முதல் வாரம் குளிக்கிறாள் என்றேன், அடுத்த வாரம் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன், அதற்கடுத்து துணி கொடுக்கப் போயிருக்கிறாள் என்றேன், நாலாவது வாரம் மறுபடி குளிக்கிறாள் என்றேன், உனக்கே சந்தேகம் வந்திருக்கும், இந்த அம்மா ஞாயிற்றுக்கிழமையானால் இத்தனை நேரமா குளிப்பாள் என்று. போன வாரம் நீ கேட்டுவிட்டாய், அம்மாவுக்கு என் மேல கோபமாப்பா என்று. இல்லை என்றேன், அது மட்டும் பொய் இல்லை. பிறகு மீன் தொட்டியைக் காட்டுங்கள், முதலாளியம்மாவைப் பார்க்கணும் என்றாய், போனில் கேமரா கெட்டுப்போச்சு என்றேன். கேமரா கெடவில்லை பாப்பா. காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மேனேஜர் செத்துப்போச்சு. பச்சை மீன் இரண்டும் செத்துப்போச்சு. முதலாளியம்மாவும் போய்விட்டாள்.

இந்த இடத்தில் மருந்துக்கடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார், இவ்வளவு பட்டென்று சொல்லலாமா என்கிறார். எப்படிச் சொன்னாலும் செத்தது செத்ததுதான், எழுதுங்கள் என்றேன். நீ காலேஜில் படிக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த காசில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்த ஆரஞ்சு மீன் ஜோடியைக் கொண்டுவந்த நாள் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. உன் சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது. உப்புத் தண்ணீர் வீட்டுக்குள் எதற்கு, குழம்பு வைக்கவா என்று உன் அம்மா கத்தினாள். அப்புறம் அதில் பெரிய மீனுக்கு முதலாளியம்மா என்று பெயர் வைத்ததே அவள்தான், புருஷன் மீனை விட இவள் இரண்டு மடங்கு பெரிது, இவள் முறைத்தால் அவன் உடம்பைச் சாய்த்து நடுங்குவான், நம்ம வீடு மாதிரியே இருக்கு என்று நீ சொல்லி அவளிடம் அடி வாங்கினாய். அந்தப் புருஷன் வயசாகிப் போய்ச் சேர்ந்ததும், நீ அங்கிருந்து, ஒத்தையா இருக்குப்பா, சின்னதா ஒரு ஜோடி வாங்கி விடுங்க என்றாய். அப்படி வந்தவன்தான் மாப்பிள்ளை. எல்லாம் அதிலிருந்து ஆரம்பம், ஆனால் நீ வாங்கச் சொன்னதால்தான் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே, அவன் மேலும் குற்றமில்லை, உன் மேலும் குற்றமில்லை, முழுக்கக் கேள்.

புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடக் கூடாது என்று நீ சொன்னது எழுத்து பிசகாமல் என்னிடம் இருக்கிறது. தனித்தொட்டி, மணல் வேண்டாம், கல் வேண்டாம், ஒளிந்துகொள்ள ஒரு பிளம்பர் குழாய் முட்டி, ஒரு ஸ்பாஞ்சு, ஒரு ஹீட்டர், காற்று மோட்டார். அதையெல்லாம் பின் அறையில் அமைத்தேன், அங்கேதான் இடம் இருந்தது, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த உயர மேஜை மேல். ஆறாவது நாள் மாப்பிள்ளை உடம்பில் உப்புக் கல் தெளித்த மாதிரி மூன்று வெள்ளைப் புள்ளி வந்தது. நீ போனில் சொன்னாய், பதறாதீங்கப்பா, செம்பு மருந்து போடுங்க, ஒரேயடியாக வேண்டாம், நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தினமும் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு அட்டையில் இருக்கிற நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அந்த நிறம் வந்த நாளிலிருந்து முப்பது நாள், ஒரு நாள் குறையக் கூடாது என்று. ஏன் முப்பது என்று கேட்டேன். அந்தப் பூச்சி மீன் மேல் நாலைந்து நாள் உட்கார்ந்து தின்னும், பிறகு கீழே விழுந்து எதிலாவது ஒட்டிக்கொண்டு மேலே ஓடு கட்டித் தூங்கும், உள்ளே ஒன்று நூறாகும், முழித்து வந்து மறுபடி மீனைத் தேடி நீந்தும், அந்த நீந்துகிற நேரத்தில்தான் மருந்து கொல்லும், ஓட்டுக்குள் இருப்பதைத் தொடாது, அதில் சில சோம்பேறி கிட்டத்தட்ட ஒரு மாதம் தூங்கும், அதுவும் வெளியே வந்து சாகும் வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றாய். மனுஷனுக்கே இவ்வளவு கணக்கா யாரும் மருந்து சாப்பிடறதில்லையே என்று, நான் இதைச் சொன்னபோது இந்த மருந்துக்கடைக்காரர் அப்போதே சிரித்தார்.

நாளை எண்ணுவதற்கு என் தலை போதும் என்று சொன்னேன். முப்பத்தி நாலு வருஷம் உதிரிப் பாகக் கிடங்கில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் எந்த மூலையில் இருக்கிறது என்று ஏட்டைப் பார்க்காமல் சொன்னவன், ஏட்டைப் பார்த்தாலும் எனக்கு அது கோழி கிண்டின மண் மாதிரிதான், முதலாளியே ஏட்டுக்கும் எனக்கும் தகராறு வந்தால் என் பக்கம்தான் பேசுவார். நீ விடவில்லை, எழுபத்தி நாலு வயசுப்பா, கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது வையுங்க என்றாய். சரி என்று உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வெள்ளைப் பட்டன் எடுத்து, நிறம் சரியாக வந்த அன்றைக்கு ஒரு காலி டப்பாவில் முதல் பட்டனைப் போட்டேன். அன்றைக்குத்தான் இவர் கடை ஷட்டருக்கு நீல பெயின்ட் அடித்தார்கள், ஏறி இறங்கும்போது என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் நிறம் பார்த்ததும் ஒரு பட்டன்.

மாப்பிள்ளைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் குழாய் முட்டிக்குள் போய் உட்கார்ந்தவன் வெளியே வருவதில்லை, தீனி போட்டால் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவான். உன் அம்மா வேலையை விட்டுவிட்டு அடிக்கடி அங்கே போய் நிற்க ஆரம்பித்தாள். வெறும் கண்ணாடி, வெறும் தண்ணீர், ஒரு குழாய், பாவம் பேச்சுத்துணைக்கு ஒரு ஆளில்லாம இது எப்படி இருக்கும் என்பாள். மீனுக்கு எதற்கடி பேச்சுத்துணை என்பேன். தையல் மெஷினுக்குத் திரும்பிப் போய்விடுவாள். ஒரு நாள் காலை, முப்பது ஆயிருக்கும் போலிருக்கே, எண்ணித்தான் பாருங்களேன் என்றாள். இருக்காதே, பத்தொன்பதுதான் என்று என் தலை சொன்னது. டப்பாவைக் கட்டில் மேல் கொட்டி எண்ணினேன், முப்பது. மறுபடி எண்ணினேன், முப்பது. ஷட்டருக்குப் பெயின்ட் அடித்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளையும் நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கு என்ன சமையல், யார் வந்தார்கள், எந்த நாள் தண்ணீர் வரவில்லை என்று எல்லாம் வரிசையாக வந்தது, ஆனாலும் பத்தொன்பதுக்கு மேல் ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா பாப்பா, பதினோரு நாள் என் தலையிலிருந்து உதிர்ந்துவிட்டது என்று தோன்றியது. என் அண்ணனுக்குக் கடைசிக் காலத்தில் அப்படித்தான் ஆரம்பித்தது, முதலில் நாள் போச்சு, பிறகு பெயர் போச்சு, பிறகு ஆள் போச்சு. அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஆமாம், முப்பதுதான் என்றேன்.

மாப்பிள்ளையை வலையில் பிடிக்கப் போனேன், அவன் குழாயை விட்டு வரவில்லை. குழாயோடயே தூக்கி விட்டுடுங்களேன், பழகின இடம் கூட இருந்தா பயப்படாது என்றாள். தனித்தொட்டியில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சாமான் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை, ஆனால் முப்பது நாள்தான் முடிந்துவிட்டதே, அதில் என்ன உயிரோடு இருக்கப்போகிறது என்று நினைத்தேன். தூக்கி வைத்தது என் கை. பட்டனை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்த ஞாயிறு உனக்குச் சொன்னேன், மாப்பிள்ளை பெரிய வீட்டுக்குக் குடி போயாச்சு என்று. அதுக்குள்ள முப்பது ஆயிருச்சாப்பா, இங்கேயும் நாள் ஓடுறதே தெரியலை என்றாய். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டதை நீ பார்த்தாயே, முதலாளியம்மா முதலில் முறைத்தாள், அவன் உடம்பைச் சாய்த்து நடுங்கினான், உன் அம்மா கை தட்டினாள். ஒன்பது நாள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம்.

பத்தாவது நாள் மேனேஜர் கல்லில் உரசினான். உனக்குத் தெரியும், அந்த மஞ்சள் மீன் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொட்டியைச் சுற்றிச் சுற்றி மேற்பார்வை பார்க்கிறவன், ஒரு இடத்தில் நிற்க மாட்டான், அன்றைக்கு மூலையில் நின்று மூச்சு வாங்கினான். மறுநாள் உடம்பெல்லாம் புள்ளி. பெரிய தொட்டியில் செம்பு மருந்து ஊற்றினால் நத்தையும் இறாலும் செத்துப்போகும், அதனால் மீன்களை வெளியே எடுத்தாக வேண்டும். நீ அடுக்கின கல்லை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வாளியில் வைத்து, நானும் அவளும் சேர்ந்து அரை நாள் துரத்திப் பிடித்தோம், இரண்டு பேர் துணியும் நனைந்து உப்புப் பூத்துவிட்டது. தனித்தொட்டி போதாமல் துணி ஊறவைக்கிற பெரிய டப்பிலும் தண்ணீர் கட்டி மருந்து ஏற்றினேன். மீன் கடைக்காரரை வரச் சொன்னேன், வந்து பார்த்துவிட்டு, செவுளுக்குள்ளே இறங்கியிருக்கு ஐயா, செய்யிறதைச் செய்யிங்க என்று சொல்லிப் போனார். மேனேஜர் மூன்றாவது நாள் போனான். பச்சை ஒன்று மறுநாள், இன்னொன்று அதற்கடுத்த நாள், ஒன்றில்லாமல் ஒன்று இருக்காது என்று நீ சொல்வாயே. முதலாளியம்மா பதினோரு நாள் இழுத்தாள். கடைசி நாலு நாள் சாப்பிடவில்லை, உன் அம்மா இறாலைத் துளித்துளியாக நறுக்கிக் குச்சியில் குத்தி அவள் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டே நிற்பாள், கை மரத்துப் போகிற வரைக்கும். ஒரு காலைப் பொழுது, பத்து மணி இருக்கும், அவள் குச்சியைப் பிடித்தபடியே என்னைக் கூப்பிட்டாள். பதினாலு வருஷம் இருந்த உயிர். உன் பழைய கைக்குட்டையில் சுற்றிக் கீழே செடித்தொட்டியில் புதைத்தோம். மாப்பிள்ளை மட்டும் பிழைத்துக்கொண்டான், மருந்துத் தண்ணீரில் ஏற்கெனவே ஊறிப் பழகினவன் அல்லவா.

பிறகுதான் என் கூத்து. என் தலை கெட்டதால்தான் நாளும் தப்பினது, நிறம் பார்த்ததும் தப்பியிருக்கும், மருந்து அளவும் தப்பியிருக்கும், நான்தான் நாலு உயிரைக் கொன்றேன் என்று முடிவு கட்டிவிட்டேன். இவரிடமே வந்து ஞாபகத்துக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன், யாருக்கு என்றார், தெரிந்த ஒருவருக்கு என்றேன். இவர் அன்றைக்கே ஷட்டருக்கு என்றைக்குப் பெயின்ட் அடித்தீர்கள் என்று நான் கேட்டிருந்தால் தேதியோடு சொல்லியிருப்பார், இப்போது சொல்கிறார். எனக்கு வெட்கம். கேட்டால் உறுதியாகிவிடுமோ என்று பயம். அடுப்பை அணைத்தேனா என்று அவளைக் கேட்பேன், மாத்திரை போட்டேனா என்று கேட்பேன், தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போவதை நிறுத்திவிட்டேன், வழி மறந்தால் என்ன செய்வது. ஒரு நாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, இன்னைக்கு நான் குளிச்சேனா என்று அவளைக் கேட்டேன். துண்டு கையில் இருக்கிறது, தலை ஈரமாக இருக்கிறது. அவள் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள், காலை எடுத்துவிட்டாள். எழுந்து போய் அந்தப் பட்டன் டப்பாவைக் கொண்டுவந்து கட்டில் மேல் கொட்டினாள். இரண்டு பக்கமாகப் பிரிக்க ஆரம்பித்தாள். எல்லாம் வெள்ளைப் பட்டன்தான், எனக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தது. இந்தப் பக்கம் நாலு ஓட்டைப் பட்டன், அது நீங்க போட்டது, எண்ணுங்க என்றாள். பத்தொன்பது. அந்தப் பக்கம் இரண்டு ஓட்டைப் பட்டன், அது நான் போட்டது என்றாள். பதினொன்று.

நான் போட்ட சத்தத்தில் மேல் மாடிக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதச் சொல்கிறேன். ஒண்ணு மேல பாவம் பாத்து நாலைக் கொன்னுட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கேட்டேன். கீழே விழுந்த ஒரு பட்டனைக் குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னைக்கு உங்ககிட்ட கேட்டேன், நீங்க விடலை. அதான் இந்தத் தடவை கேக்கலை.”

பாப்பா, என்றைக்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெரிய நோய் வந்த காலத்தில் நீ மூன்று வார லீவில் வந்தாய், பதினாலு நாள் அந்தப் பின் அறையில் கதவைச் சாத்தி வைத்தோம். வாசலில் ஸ்டூல் மேல் அவள் தட்டை வைத்துவிட்டுத் தள்ளிப் போவாள், நீ எடுத்துக்கொள்வாய். கதவுக்கு வெளியே மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு தைத்தாள், நீ உள்ளேயிருந்து பேசுவாய், அவள் இங்கேயிருந்து பேசுவாள், குரல் மட்டும்தான். பன்னிரண்டாவது நாள் வந்து என்னிடம் கேட்டாள், காய்ச்சல் இல்லை இருமல் இல்லை, திறந்துடலாமே, ரெண்டு நாள்தானே என்று. கணக்குன்னா கணக்கு என்றேன். அவளுக்கு இழுப்பு உண்டு, ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் சொன்னேன், ஆனால் அதைச் சொல்லாமல், கணக்குன்னா கணக்கு என்று மட்டும் கிடங்கில் சொல்கிற மாதிரி சொன்னேன். கதவு திறந்து ஏழு நாளில் நீ விமானம் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு உனக்கு லீவும் சரியாக வரவில்லை, விசா காகிதமும் சரியாக வரவில்லை. அந்த ஏழு நாளை ஒன்பதாக்கியிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக அவள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவ்வளவு ஞாபகம் இருக்கிறவன் நான், அவள் கேட்டதும் நான் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு அவள் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் நினைவில் இல்லை. பார்த்தால்தானே நினைவிருக்கும்.

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் நான்தான் முதலில் பேசினேன், என்ன பேசினேன் என்றால், பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்டேன், உண்மையில் போட்டது எனக்கு நன்றாகத் தெரியும். போட்டுட்டீங்க என்றாள். அவ்வளவுதான் சமாதானம். ஆனால் மீன்களுக்குப் புள்ளி வந்த நாளிலிருந்தே உன்னிடம் பேச மாட்டேன் என்கிறாள், காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவ புள்ளைய மாதிரி வளர்த்ததை நான் கொன்னுட்டு எந்த வாயால அவகிட்ட சாப்பிட்டியான்னு கேப்பேன் என்கிறாள். நானும் சேர்ந்துதான் என்று சொன்னேன், குழாயோடு தூக்கி வைத்தது நான் என்றேன், கேட்க மாட்டேன் என்கிறாள். போன் அடித்தால் அடுப்படிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்கிறாள், குளிக்கிறாள் என்று சொல்லச் சொல்லிக் கை காட்டுகிறாள், ஆனால் காது முழுக்க இங்கேதான் இருக்கும். நீ என் மேல் கோபமா என்று கேட்ட அன்றைக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டாள், அது எனக்குத் தெரிந்தது, உனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது வீட்டு நிலைமை இது. பெரிய தொட்டியில் மீனே இல்லாமல் எழுபத்தாறு நாள் விட வேண்டும், கல்லும் மணலும் இருக்கிற இடத்தில் சிலது இரண்டு மாதத்துக்கு மேலும் தூங்குமாம், அப்போதுதான் உள்ளே தூங்குகிறதெல்லாம் முழித்து, தின்ன ஆள் இல்லாமல் சாகும், இதுவும் நீ எப்போதோ சொன்னதுதான். விளக்கு எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது, நத்தை ஊர்கிறது, குடியிருந்தவர்கள் காலி செய்த வீட்டில் ஃபேன் மட்டும் சுற்றுகிற மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளைக்கு மருந்து முப்பது நாளும் முழுசாக முடிந்தது, நல்ல தண்ணீருக்கு மாற்றிவிட்டேன், சாப்பிடுகிறான், புள்ளி இல்லை. ஆனால் பெரிய தொட்டி ஆறுகிற வரை அவன் அந்தப் பின் அறையில் தனியாகத்தான் இருக்க வேண்டும். பதினோரு நாள் முன்கூட்டியே துணையோடு சேர்க்க நினைத்தாள், இப்போது துணையும் இல்லை, இன்னும் நாற்பது நாள் தனிமை. இதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. மெஷினை அந்த அறைக்கு உள்ளே கொண்டுபோகச் சொன்னாள், நானும் இவரும் தூக்கிப் போனோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும்போது அவன் முன்னால் வந்து பார்க்கிறானாம். பெரிய தொட்டி காலியான நாளிலிருந்து எண்ணுகிற பட்டனை இப்போது அவள்தான் போடுகிறாள், போடும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போடுகிறாள். இன்றைக்கு முப்பத்தாறு, என் தலையிலும் முப்பத்தாறு.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மீனுக்காக நீ அழுதால் அங்கேயே அழுதுவிடு, அழ வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவளிடம் பரவாயில்லம்மா, வேற மீன் வாங்கிக்கலாம் என்று சொல்லாதே, அது அவளைக் கொன்றுவிடும். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு நீ போன் செய்து அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல். நான் குளிக்கிறாள் என்பேன், சொல்லாவிட்டால் அவள் என்னை முறைப்பாள். நீ வழக்கம்போல் சரிப்பா என்று வைத்துவிடாதே. குளிச்சிட்டு வரட்டும், நான் இருக்கேன் என்று சொல். நான் போனைக் கொண்டுபோய்ப் பின் அறை வாசலில் அந்த ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கீழே இவர் கடைக்கு வந்துவிடுவேன். நீ ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே ஏதாவது வேலை செய்துகொண்டே இரு, பாத்திரம் கழுவு, துணி மடி, அந்தச் சத்தம் கேட்கட்டும். எத்தனை நேரமானாலும் வைக்காதே. அந்த ஸ்டூல் மேல் வைத்ததை அவள் எடுக்காமல் விட மாட்டாள்.

குளிருக்குக் காலுறை இரண்டு போட்டுக்கொள், இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே என்று இவர் சொல்லச் சொல்கிறார். நீ நின்ற இடம் தழைக்க வேண்டும், தொட்டது துலங்க வேண்டும், எங்கள் ஆயுசில் கொஞ்சம் உனக்குச் சேர்ந்தாலும் எனக்குச் சம்மதம். லீவு கிடைத்தால் வா, எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறந்துவிடாதே. எழுதினதை இவர் ஒரு தடவை முழுக்கப் படித்துக் காட்டினார், ஒன்றும் விடவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டு மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார், இதை வாங்காமல் மேலே போனால் உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)